முன்னால் இருப்பது இனிஷியல்

8 மார்ச் 1999

காலையில் மாட வீதி நாட்டு மருந்துக் கடை. முதலாளி துரைராஜுக்கு இன்டர்நெட் ஆசை வந்து, எங்கள் தி. நகர் ஆபீஸ் அவருக்கு ஒரு வெப் கடை போட்டுக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிறவர்கள் சுக்கும் திப்பிலியும் கம்ப்யூட்டரிலேயே ஆர்டர் செய்யலாம். ஆனால் ஆர்டர் ஒரு பக்கம், கடையின் அக்கவுண்ட்ஸ் பேக்கேஜ் ஒரு பக்கம். ஆர்டரைப் பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்துத் திரும்பப் பேக்கேஜில் அடிக்கிறார்கள். இரண்டையும் இணைப்பது என் தலையில். பழைய வாடிக்கையாளர் என்றால் பழைய கணக்கிலேயே பில் விழ வேண்டுமாம். "ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கு கீதுன்னா என்கிட்ட வராத தம்பி" என்றார்.

அப்பாவுக்கும் அங்கே கணக்கு உண்டு. மாதாமாதம் ஆவாரம்பூப் பொடி. வி. சுவாமிநாதன் என்று திரையில் கம்பீரமாக இருக்கிறார்.

15 மார்ச்

பெயர்தான் தகராறு. வெப் ஃபார்ம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. கடைக் கணக்கில் இனிஷியலும் பெயரும். ஒரு வழி செய்தேன். நம்மூரில் முன்னால் இருப்பது இனிஷியல், பின்னால் இருப்பதுதான் ஆள். முன்னால் உள்ளதை வெட்டிவிட்டுப் பின்னால் உள்ளதைத் தேடு. கிடைத்தால் பழைய ஆள், இல்லாவிட்டால் புது ஆள்.

என்ன மூளை எனக்கு.

19 மார்ச்

சோதித்துப் பார்க்க நிஜமான ஆர்டர் வேண்டும். நியூ ஜெர்சிக்கு, ஷ்ரேயா அக்காவுக்கு, எதையாவது வாங்கேன் என்று மெயில் போட்டேன். அவள் ஜாதி விட்டு மதிவாணனைக் கல்யாணம் செய்துகொண்டு நாலு வருஷம் ஆகிறது. அப்பா கல்யாணத்துக்கும் போகவில்லை, அதற்குப் பிறகு அவள் பெயரைக்கூடச் சொன்னதில்லை. அவளிடமிருந்து போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் அம்மா பேசி முடிக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு இப்படி? எனக்கு அக்காவும் வேண்டும், அப்பாவும் வேண்டும்.

23 மார்ச்

ஆர்டர்கள் தானாகவே பில்லாகி விழுந்தன. துரைராஜ் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார்.

25 மார்ச்

சாயங்காலம் கடை ஆள் சைக்கிளில் வந்து வீட்டில் ஒரு பார்சல் கொடுத்துவிட்டுப் போனார். பில் அப்பா பெயரில். அம்மா பிரித்து, மோந்து பார்த்தாள். பிரசவ லேகியம். கூடவே வசம்பும் ஓமமும். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த வயசுல எனக்கு இது வேறயா? உங்கப்பாவைக் கேளு."

அப்பாவுக்குக் கோபம். ஆவாரம்பூப் பொடி வாங்குகிறவனுக்கு லேகியம் அனுப்புகிறது ஒரு கடையா, நாளைக்கே திருப்பிக் கொடு என்றார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பாதிச் சிரிப்பில் பில்லை வாங்கி மறுபடி படித்தேன்.

பின்னால் இருப்பதுதான் ஆள். அக்கா இன்னும் ஷ்ரேயா சுவாமிநாதன்தான், கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரை விடவில்லை. என் ப்ரோக்ராம் அவளை இனிஷியல் என்று வெட்டிவிட்டு, அப்பா கணக்கில் போட்டு, அப்பா விலாசத்துக்கு அனுப்பிவிட்டது.

அப்படியானால் லேகியம் — எனக்குக்கூடச் சொல்லவில்லையே!

26 மார்ச்

மெயிலில் கேட்டேன். சாயங்காலம் பதில். ஜூலையில். அம்மா வர முடியாமல் அழுவாள் என்றுதான் சொல்லவில்லையாம். 'தலைப்பிரசவம் எல்லாருக்கும் அம்மா ஆத்துல நடக்கும். எனக்கு லேகியமாவது மயிலாப்பூர்லேர்ந்து வரட்டுமேன்னு தோணித்து. இனிமே மறைச்சு என்ன, நீயே சொல்லிடு.'

ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "கடை மேல தப்பு இல்லேப்பா. என் தப்பு. அது ஷ்ரேயாவுக்குப் போகவேண்டியது. அவ உண்டாயிருக்கா."

அம்மா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா மோர் சாதத்தை முடித்தார். கை அலம்பினார். வாசலுக்குப் போனார்.

28 மார்ச்

பார்சல் சாப்பாட்டு மேஜை மேல் இருக்கிறது. அப்பா அதைப் பார்க்காமல் சாப்பிடுகிறார்.

31 மார்ச்

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பார்சலை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினேன். அப்பா பேப்பரை விட்டு முகத்தை எடுக்காமல் கேட்டார்.

"லேகியம் எத்தனை நாள் கெடாம இருக்கும்?"

வருஷம் தாங்கும் என்றேன்.

"அப்போ அங்கேயே வை. அம்மா போறச்சே எடுத்துண்டு போகட்டும்."

அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. உள்ளே போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாளித்தாள், கடுகு கருகிவிட்டது. எனக்கும் கண்ணைக் கரித்தது. கடுகு மேல் பழி போட்டேன். ஆபீஸுக்கு லேட்.

5 ஏப்ரல்

ப்ரோக்ராமை மாற்றியாயிற்று. இனிமேல் முன்னும் பின்னும் இரண்டும் ஒத்துப்போனால்தான் பழைய ஆள். துரைராஜ் திட்டித் தீர்த்தார். "ஊர்ல எத்தினி சுவாமிநாதன் கீறாரு, அத்தினி பேர் வூட்டுக்கும் லேகியம் போயிருந்தா இன்னாத்துக்கு ஆவறது?" நியாயம்தான்.

20 ஜூன்

பாஸ்போர்ட், விசா எல்லாம் ஒருவழியாகக் கிடைத்து, அம்மாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். லேகியம் அவள் பெட்டியில், ஆறு புடவைக்கு நடுவில். வைத்துக் கட்டியது அப்பா.

அக்காவோடு அவர் இன்னும் பேசவில்லை. ஆனால் போன் வந்தால் வாசலுக்குப் போவதில்லை. பக்கத்திலேயே பேப்பர் படிக்கிறார், ஒரே பக்கத்தை.

11 ஜூலை

பெண் குழந்தை!! இரண்டு பேரும் சௌக்கியம். அம்மாதான் பேசினாள். ரிசீவரை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். குழந்தை அழுவது எனக்கே கேட்டது. அம்மா வைத்துவிட்ட பிறகும் அவர் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

15 ஜூலை

ஆபீஸுக்குத் துரைராஜ் போன் செய்தார். உன் ப்ரோக்ராம் மறுபடி மக்கர் பண்ணுகிறது, ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கு போட்டிருக்கிறது, பில் விலாசம் உங்கள் வீட்டு விலாசம் என்றார். போய்ப் பார்த்தேன்.

வெப்பில் வந்த ஆர்டர். கைக்குழந்தைக்குப் போடும் வசம்பு வளையல் ஒரு ஜோடி, நியூ ஜெர்சிக்கு. காசு கடையில் கட்டப்படும் என்று டிக் செய்திருக்கிறது. காலையில் அப்பா லஸ் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனது பிரௌசிங் சென்டருக்குத்தானா? பொடி நடையில் போகிற தூரத்தில் கடை. நேரில் போனால் யாருக்கு, என்ன குழந்தை என்று துரைராஜ் கேட்பார். பேத்திக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஃபார்ம் இரண்டு பெயர் கேட்டிருக்கும். அவர் இனிஷியல் வேதாந்தம், தாத்தா பெயர். அதையே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

முதல் பெயர்: சுவாமிநாதன். கடைசிப் பெயர்: ஷ்ரேயா.

"உங்க நைனாதானே இது? பழைய கணக்குல தள்ளிடவா, இன்னா சொல்ற?" என்றார் துரைராஜ்.

"வேணாம் சார்" என்றேன். "இவர் புது ஆள்."