பெரட்டுக்கு முந்தி

ஹற்றன்,
16 ஜூன் 2024

அன்புள்ள வினோதாவுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். குவைத்தில் வெயில் நெருப்பாகக் கொட்டுகிறதாமே, நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே பத்து நாளாக மழையும் பனியும்தான்.

ஓய்வுபெற்றும் இந்த டீச்சர் சும்மா இருப்பதில்லை என்று நீ சிரிப்பாய். நம் பொது நூலகத்தில் ஒரு சமையல் புத்தக வட்டம் தொடங்கியிருக்கிறேன். மாதம் ஒரு புத்தகம். எல்லாரும் அதைப் பார்த்துச் சமைத்துக் கொண்டுவர வேண்டும். அலமாரியில் இருந்தவை எல்லாம் வெளியூர்ப் புத்தகங்கள். ஆகவே நம்மவர் சமையலை நாமே ஒரு கொப்பியில் எழுதி அங்கே வைப்போம் என்றேன். முதல் பக்கத்துக்கு உன் அம்மா காளியாயியின் பலாக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பு. அவளுக்கு எழுத்து வராது என்பதால் அவள் சொல்ல நான் எழுதினேன். பேச்சு வழக்கை நல்ல தமிழுக்கு மாற்றியதும் நானே.

எட்டாந்திகதி சனிக்கிழமை பதினொரு பேர் அதைப் பார்த்துச் சமைத்து வந்தார்கள். பதினொரு சட்டியிலும் கொட்டை கல்லாக இருந்தது. பெற்றீசியாவின் கட்டுப்பல் கழன்று தட்டில் விழ, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள் எதற்கு முன்னால் வந்து நின்றாய் என்று உன் அம்மாவை அத்தனை பேர் முன் கேட்டுவிட்டேன். அவள் தன் சட்டியைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு நூலகர் நிஷாந்தி கொப்பியைப் பார்த்தாள். ‘பிரட்டுவதற்கு முன் இறக்கவும்’ என்று எழுதியிருந்தேன். “டீச்சரம்மா, காளியாயி அக்கா சட்டியில பெரட்டுறதையா சொன்னாங்க? தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டைச் சொல்லியிருப்பாங்க. நாலு மணிக்கு அடுப்புல வச்சா, ஆறு மணிப் பெரட்டுக்கு முந்தி எறக்கணும்” என்றாள்.

இரண்டு மணி நேரம் வேக வேண்டியதாம். என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக அந்தப் பெரட்டுக்களத்தில் நின்று பேர் எழுதியவர். அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்வேன்?

வியாழக்கிழமை ரயிலேறி றொசல்லையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா முகம் சுளிக்கவில்லை, தேத்தண்ணி தந்தாள். “நமக்கெல்லாம் எதுக்குங்க டீச்சரம்மா லைப்ரரி? பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவக் கேளுங்க, அவங்க நல்லா சொல்லுவாங்க” என்றாள். பிழை என்னுடையது என்று சொல்லத்தான் போனேன். மரக்கறி விலையைப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிறுதோறும் நீ அவளோடு பேசுவாயல்லவா? இந்தக் கடிதத்தை நிஷாந்தி படமெடுத்து உன் ஃபோனுக்கு அனுப்புவாள். முழுவதையும் வாசித்துக் காட்டு. எதையும் மென்மையாக்கிச் சொல்லாதே. வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு, அதே பதினொரு பேர் முன்னால் என் பிழையைச் சொல்லப் போகிறேன். அவள் வராவிட்டால் அதை நான் யாரிடம் சொல்வது?

நீ வேலை செய்யும் வீட்டில், நாலு பேர் பார்க்க உன்னிடம் யாரும் குரலை உயர்த்தக்கூடாது என்று தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறேன், மகளே.

உன் நலம் நாடும்,
பிலோமினா அந்தோனிமுத்து