மஞ்சள் படாத ஷூ

செஞ்சி,
14.5.2025

அன்புள்ள வாணிக்கு,

சுமா எழுதுவது. நான் அவ்வளவு நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், மெடல் வாங்கியவளுக்கு என்ன குறை? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்குப் போன் போட்டு என் விரல் தேய்ந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் தபால். வல்லம் போஸ்ட் ஆபீசில் உட்கார்ந்திருப்பவளே நீதான் என்பதால் இது உன் கைக்கு வராமல் போக வழியே இல்லை.

கோடை மாரத்தான் எப்படி இருந்தது என்று தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல? கோட்டை அடிவாரத்தில் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, சிறப்பு விருந்தினரின் கார் வரவில்லை என்று ஏழரைக்குத் தொடங்கினார்கள். மே மாத வெயிலில் அதற்குள் ரோடு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுத்த டி-ஷர்ட் எனக்கு முழங்கால் வரை தொங்கியது, அக்குள் தையல் ஓடும்போதே பிரிந்தது. குளுக்கோஸ் தண்ணீர் முதலில் போனவர்களுக்கே தீர்ந்துவிட்டதாம். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன்.

கடலைக் கொல்லையைத் தாண்டும் வரை நீ என் பின்னால்தான் வந்தாய். இரண்டு வருடமாகத் தினம் காலையில் இதே சிங்கவரம் ரோட்டில் உன்னோடு ஓடுகிறவள் நான், உன் மூச்சுச் சத்தம் எனக்குத் தெரியாதா? பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை. சரி, பின்தங்கிவிட்டாய் என்று நினைத்தேன். சிங்கவரத்தில் திரும்பி வந்தேன். பின்னால் இருப்பவள் எனக்கு எதிரில் வரத்தானே வேண்டும்? தளவானூர் பெரியதம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலில் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். நீ வரவில்லை. எங்காவது மயங்கி விழுந்துவிட்டாயோ என்று வரப்பு வரப்பாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். அடிவாரத்துக்கு வந்தால் நீ முதல் பரிசு மெடலோடு நிற்கிறாய்!

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அது ஏன்?

இன்னொன்று. சிங்கவரம் பெண்கள் நம்மை என்னவென்று நினைத்தார்களோ, மேல்மலையனூருக்கு வேண்டுதலோடு நடந்து போகிறவர்களுக்குச் செய்வதுபோல, திரும்பும் இடத்தில் நின்று ஒவ்வொருவர் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். முன்னால் நின்றவளே என் அம்மாதான். மாரத்தான் கமிட்டி ஆனந்தராஜ் அண்ணன் நம் ஓட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லார் ஷூவும் மஞ்சள். பெரியதம்பியின் வெறுங்கால் கூட மஞ்சள். உன் ஷூவில் புழுதி இருக்கிறது, மஞ்சள் ஒரு சொட்டு இல்லை. துணியில் கறை பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் நான்.

திரும்பும் இடத்தில் கையில் போட்ட ஸ்கெட்ச் பேனா அடையாளம் எல்லாருக்கும் வியர்வையில் கரைந்துவிட்டது, அதைக் கேட்டுப் பயனில்லை. ஷூவைத்தான் கேட்கிறேன். பாதி வழியிலேயே திரும்பிவிட்டாயா, வாணி?

எழிலரசன் அண்ணன் உன்னைத் தனியாக விட்டுத் தவறிய பிறகு வீட்டோடு கிடந்த உன்னை வாசலில் வந்து கூப்பிட்டு ரோட்டுக்கு இழுத்து வந்தவள் நான். உன் முதல் டிராக் பேண்டைத் தைத்ததும் நான்தான். எனக்கு ஒரு பதில் சொல்ல உனக்குக் கடமை இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
சுமா

---

வல்லம்,
17.5.2025

அன்புள்ள சுமாவுக்கு,

உன் கடிதம் வந்தது. போன் எடுக்காததற்கு மன்னித்துக்கொள். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். அதையும் நீ வேறு விதமாக எடுத்துக்கொள்வாய் என்று தோன்றியது.

நான் சிங்கவரம் வரை ஓடினேன். திரும்பும் இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் வந்தேன். எதிரில் ஏன் வரவில்லை என்றால், அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று யோசித்துப் பார். ஷூவைப் பற்றிக் கேட்காதே. அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று இல்லை. சொல்ல மனம் இல்லை.

நான் பொய் சொல்லி நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? கால் சுளுக்கினால் சுளுக்கு என்பேன், முடியவில்லை என்றால் முடியவில்லை என்பேன். வேகமாக ஓடுகிறேன் என்று நானாக ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. நீதான் சொல்வாய்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் போன பிறகு, தபால் வாங்க வருகிறவர்கள் கூட ஜன்னலில் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "பாவம், அந்தப் பொண்ணு" என்று பின்னால் சொல்வது காதில் விழும். ஓட ஆரம்பித்த பிறகுதான் அது மாறியது. இப்போது சின்னப் பிள்ளைகள், "ஓடுற அக்கா இல்ல நீங்க?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டும், சுமா. அதை நானே ஓடிச் சம்பாதித்தேன். உன் சந்தேகத்தை ஊர்ப் பேச்சாக்கிவிடாதே.

வெயில் கடுமையாக இருக்கிறது. கடையில் மதியம் உட்கார்ந்து தைக்காதே, உனக்குத் தலைவலி வரும்.

உன்,
வாணி

---

செஞ்சி,
21.5.2025

வாணிக்கு,

"பதில் இருக்கிறது, சொல்ல மனம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்தால் யாருக்குத்தான் சந்தேகம் தீரும்? எனக்கு இரட்டிப்பானது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்டாய். மறைக்க என்ன இருக்கிறது? அம்மா என் கையைப் பிடித்து, திரும்பும் இடத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டுக்குள் இழுத்துப்போய், ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவள் மறுபடி வாசலுக்குப் போய்விட்டாள். நான் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அந்த நேரத்தில் நீ என்னைத் தாண்டினாய் என்கிறாய். இருக்கட்டும். அப்படியானால் வாசலில் நின்ற என் அம்மா உன் காலில் ஊற்றியிருப்பாளே! அவள் யாரை விட்டாள்? எங்கள் தெரு நாய் குறுக்கே ஓடியதற்கும் ஒரு சொம்பு ஊற்றினாள். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்ட உன்னையா விட்டுவிடுவாள்?

அம்மாவிடம் போனில் கேட்டேன். "கூட்டத்துல யாரு வந்தா, யாரு போனான்னு எனக்கு இன்னா தெரியும்? வெயில் ஏறுது, போய் சாப்டு" என்று போனை வைத்துவிட்டாள். ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று போன மாசத்துக் கணக்கெல்லாம் சொல்கிறவள்! உனக்காக மறைக்கிறாளோ என்று இப்போது பெற்றவள் மேலேயே சந்தேகப்படுகிறேன். இந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய்.

இரண்டாவதாக வந்த வருத்தத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் அதுவும்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் நேர்மையான ஓட்டத்தில் உன்னிடம் நான் தோற்றிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். நீ ஏமாற்றி, நான் அதற்குக் கை தட்டினேன் என்பதுதான் பொறுக்கவில்லை.

ஆனந்தராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கமிட்டி உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கும். தப்பு இல்லை என்றால் பயம் எதற்கு? வந்து சொல்.

சுமலதா

---

வல்லம்,
26.5.2025

சுமாவுக்கு,

கமிட்டியிலிருந்து அழைத்தார்கள். போனேன். மெடலை மேஜை மேல் வைத்துவிட்டு, "நான் ஓடினேன், இதுக்கு மேல கேக்காதீங்க" என்று சொல்லி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து குரூப்பில் என்னைப் பற்றி என்னென்ன எழுதுகிறார்கள் என்று தெரியும். படிக்கிறேன். பஸ்ஸில் கூட ஒருவர் என் காதுபட, "ஷார்ட் ரூட் அக்கா" என்றார். இருந்தாலும் காலையில் ஓடுகிறேன். தினமும் ஓடுகிறேன்.

நீ இனி எழுத வேண்டாம்.

வாணி

---

சிங்கவரம்,
1.6.2025

என் வாணிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் இங்கே வந்தேன். நீ மெடலைத் திருப்பிக் கொடுத்ததை அம்மாவிடம் சொன்னேன். "பார்த்தியா, தப்பு இல்லன்னா ஏன் குடுக்கறா? அவ இந்த ஊர்ப் பக்கமே வரல" என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நிறுத்திவிட்டாள்.

"யாரு சொன்னா வரலன்னு? வந்துச்சு. நீ உள்ள மோர் குடிச்சிக்கினு இருந்த. ஊத்தலாம்னுதான் நானும் சொம்பத் தூக்கினேன். பக்கத்துல நாகம்மா, 'இன்னா ரத்தினம், மஞ்சத் தண்ணிய யாருக்கு ஊத்தறோம்னு பார்த்து ஊத்து'ன்னா. கை அப்படியே நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பார்த்துச்சு. காலை இழுத்துக்கினு ஓடிடுச்சு."

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்று கத்தினேன்.

"எப்பிடிச் சொல்லுவேன்? எனக்கே கேவலமா இருக்குது" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாணி, என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். கறை இல்லாததை அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டு குதித்தேனே! அந்த இடத்துக்கு நீ போனதால்தானே அப்படி நடந்தது. என் அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நீ வாயைத் திறக்கவில்லை. உன்னைத் திருடியாக்கினேன். எப்படி உன் முகத்தில் விழிப்பேன்?

ஆனால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே குரூப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என் அம்மா செய்ததையும், நாகம்மா சொன்னதையும், உன் கால் நனையாததையும், ஒன்று விடாமல். எல்லாரும் கலங்கிவிட்டார்கள். கைகூப்பும் படமும் அழுகிற முகமுமாக வந்துகொண்டே இருக்கிறது. போலீஸ்காரர் உனக்காக ஒரு கவிதையே எழுதிப் போட்டிருக்கிறார். கமிட்டிக்காரர்கள் மாலையோடு உன் வீட்டுக்கு வந்து மெடலைத் தரப்போகிறார்கள். அடுத்த வருடம் கணவரை இழந்த பெண்களுக்கு என்று தனிப் பிரிவு வைத்து, அதை உன்னை வைத்தே தொடங்கலாம் என்று ஆனந்தராஜ் அண்ணன் சொல்கிறார். உனக்கு நடந்த அநியாயத்துக்கு நல்ல பதில் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

அம்மாவும் ஒன்று சொல்கிறாள். நீ ஒரு நாள் வந்தால், தெரு முழுக்கப் பார்க்க, தன் கையால் உன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறாளாம். வா. நானே வந்து கூட்டிப்போகிறேன்.

மன்னிப்பாயா? ஒரு வார்த்தை எழுது.

என்றும் உன்,
சுமா

---

வல்லம்,
6.6.2025

சுமலதாவுக்கு,

நலம்தான்.

கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். மாலை வேண்டாம் என்றேன், மெடலை வாங்கிக்கொண்டேன். அது என்னுடையது. போட்டோ எடுக்கும்போது ஆனந்தராஜ் அண்ணன், "லேசா சிரிங்கம்மா" என்றார். போன மாதம் வரை என்னை, "இன்னா வாணி, இன்னிக்கி எத்தினி கிலோமீட்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். இப்போது 'அம்மா' ஆகிவிட்டேன். தெருவில் நின்று பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

உன் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கை நின்றபோது கண் கலங்கியதைப் பார்த்தேன். அவரைத் தெருவில் நிறுத்தி என் காலில் தண்ணீர் ஊற்றவைக்காதே. அவருக்கு அது தண்டனை. எனக்கு அதனால் ஒன்றும் வந்துவிடப்போவதில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறாய். அப்படி அல்ல, சுமா. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் மூடிக்கொண்டிருந்தேன்.

நீ சந்தேகப்பட்டாய், வலித்தது. ஊரே ஏமாற்றுக்காரி என்றது. ஆனால் அது ஓடுகிறவளுக்கு வருகிற கெட்ட பெயர். வேகமாக ஓடினாளா, குறுக்கே போனாளா என்று என் காலைப் பற்றித்தான் பேசினார்கள். அதைத் தாங்க முடிந்தது. இன்னும் வேகமாக ஓடி ஒரு நாள் அந்தப் பெயரை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ அதை ஒரே நாளில் அழித்துவிட்டாய். பதிலுக்கு எந்தப் பெயரைத் தந்திருக்கிறாய் என்று பார். அதை எவ்வளவு ஓடினாலும் அழிக்க முடியாது.

பெண்கள், முப்பத்தைந்து வயதுக்கு மேல். அந்தப் பிரிவில்தான் நான் ஓடினேன். அதில்தான் உன்னை ஜெயித்தேன். குரூப்பில் ஒருவர் கூட அதற்கு வாழ்த்துச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

நல்ல மனசோடுதான் செய்தாய் என்று தெரியும். அதனால்தான் உன்னோடு சண்டை போடவும் முடியவில்லை.

ஆகஸ்டில் ஆரணியில் ஒரு ஓட்டம் இருக்கிறது. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பதிவு செய்யப் போனேன். பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நீ அங்கே வராதே.

இப்படிக்கு,
கலைவாணி