ஏழாம் நம்பர் கட்டிலுக்கு

மாப்பிளே,

இன்று காலையில் அந்த நீலச் செருப்பின் வார் அறுந்துபோனது. ஐ.சி.யூ.வுக்குள் போகும்போது வாசலில் மாட்டிக்கொள்ளச் சொல்வார்களே, அந்த ரப்பர் செருப்பு. உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், அதையே போட்டுக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து நம்மூர் சிக்கல் வரை பஸ் ஏறி வந்துவிட்டேன். என் தோல் செருப்பு ஆஸ்பத்திரி வாசலோடு போயிற்று. அதற்கும் நீதான் காரணம்.

அறுந்ததைக் குப்பையில் போடப் போனேன். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, ஓடி வந்து பிடுங்கினாள்.

"போடாதண்ணே. அவுக கிட்டக்க நின்ன செருப்பு."

"ஏத்தா, அவன் கிட்டக்க நானுந்தான் நின்னேன். என்னைய ஒரு நாளாச்சும் இப்பிடி ஓடி வந்து பிடிச்சியா?"

முன்பென்றால் சிரித்திருப்பாள். இன்று செருப்பைக் கொண்டுபோய் வீட்டுக் கட்டிலடியில் வைத்தாள்.

எட்டு மாசம் ஆகிறது. மிளகாய் காயப்போட்ட களத்தில் மயங்கி விழுந்தாய், பதினோரு நாள் குழாய்களோடு படுத்திருந்தாய், போய்விட்டாய். உனக்கு அதோடு முடிந்தது. எங்களை அல்லவா அந்த வாசலிலேயே உட்கார வைத்துவிட்டாய்! போன் அடித்தாலே உன் மகன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்கிறான். இவள் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாள். அங்கே செக்யூரிட்டி எந்நேரம் கூப்பிடுவானோ என்று எழுந்து எழுந்து பழகிய பழக்கம். "இங்க ஒன்னைய எவன் கூப்பிடப் போறான்?" என்று கேட்டால் முறைக்கிறாள்.

முதல் நாள் நடந்தது உனக்குத் தெரியாது. "பேசண்டு பேரு என்னம்மா?" என்று செக்யூரிட்டி கேட்டிருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து உன் பேரை வாயால் சொல்லாதவள், அங்கேயா சொல்வாள்? "என் மகனோட அப்பா" என்றிருக்கிறாள். அவன் உள்ளே விடவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. மறுநாளிலிருந்து "ஏழாம் நம்பர் கட்டிலு" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். உன் பேர் அதுவாகிப் போனது.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா சொன்னார்: "காதுக்கிட்ட போயி, பேரச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுங்க. சில பேரு முழிப்பாங்க."

உள்ளே போனவள் அஞ்சு நிமிஷமும் "ஏங்க, ஏங்க" என்றே கூப்பிட்டாள். அவள் வெளியே வந்ததும் நான் சும்மா இருந்தேனா? "ஏங்கன்னா உள்ள இருக்குற எட்டுக் கட்டில்ல எவன்டி எந்திரிப்பான்?" என்று கேலி பண்ணினேன். அந்தக் கேலி இத்தனை மாசமாக அவளைத் தின்றுகொண்டிருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

செருப்பை வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அண்ணே, நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா முழிச்சிருப்பாகளோ?"

எனக்கு எரிச்சல் பொங்கியது. உன்மேலா, அவள்மேலா, என் வாயின்மேலா, தெரியவில்லை.

"அடி கூறுகெட்டவளே, மறுநாள் நான் உள்ள போனேன்ல? அவன் பேரச் சொல்லி அந்த ரூமே அதிரக் கத்துனேன். நர்சு வந்து வஞ்சுச்சு. கண்ணத் தொறந்தானா? பேரச் சொன்னா எந்திரிக்கிற ஆளா அவன்? பொங்கலன்னைக்கே தண்ணி தெளிச்சுல்ல எழுப்புவ!"

"நெசமாவாண்ணே?"

"ஒம் புருசன் மேல சத்தியம். அவன் போயிட்டான், இனி அவனுக்கு என்ன ஆகப்போகுது?"

சிரித்துவிட்டாள், மாப்பிளே. பல் தெரியச் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து, வட்டிலில் இருந்த பழைய சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். நடுவில் எழுந்திருக்கவில்லை.

"ஒங்க வாய்க்கு ஒரு நாளாச்சும் லீவு விடுங்க மச்சான்" என்று என்னிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பாய்! இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு உள்ளே வந்து, கத்துவதற்கு வாயைத் திறந்தேன். உன் பேரில் ஓர் எழுத்துகூட வரவில்லை. அஞ்சு நிமிஷமும் உன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து, காலில் கிடப்பது என் செருப்பா என்றுகூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

நீ கேட்ட லீவு அதுதான். கட்டிலடியில் கிடக்கும் அறுந்த செருப்புக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். செருப்பு வாயைத் திறக்காது. நானும்தான்.