வீட்டில் ஆங்கிலம் மட்டும்

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மனைவிக்கு,

நானும் மகளும் நலம். வேலைக்குப் போன புது ஆஸ்பத்திரியில் உனக்குச் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கிறதா? போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனிலும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது உன் சட்டம். என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜில் கேஸ் போய்விட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். மகள் விஷயத்தைச் சொல்ல முடியாது.

உன் சட்டத்தை நாங்கள் மீறவே இல்லை. அதுதான் வினையாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் நான் 'சால்ட்' என்பேன், அவள் நகர்த்துவாள். அவள் 'வாட்டர்' என்பாள், நான் ஊற்றுவேன். 'குட் நைட்' சொல்லி விளக்கை அணைத்தால் அன்றைய பேச்சு முடிந்தது. நம் வாயாடி இருக்கும் வீட்டில் சத்தமே இல்லையே, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டுவிட்டுப் போனார்.

நாம் குடிவந்த இந்த ஊர்ப் பள்ளியிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கிவிடலாமா என்று யோசிப்பதாகத் தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். புதிதாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைக் கவனிக்கவென்றே ஒரு டீச்சர் இருக்கிறார். ஓடிப் போய் அவரைப் பார்த்தேன். நம் மொழி அவருக்கும் கொஞ்சம் தெரியும், அதனால் பிழைத்தேன். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார். ஆங்கிலம் மட்டும்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால் தலையில் கை வைத்துக்கொண்டார். சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தானே பிள்ளை அதற்கு ஆங்கிலம் தேடுவாள், வீட்டில் சொந்த மொழியில் ஆசை தீரப் பேசட்டும் என்றார். மறுநாள் வகுப்பில் சொல்லப்போகும் படக்கதையைக் கையில் கொடுத்து, இன்றைக்கே உங்கள் மொழியில் சொல்லிவிடுங்கள் என்று அனுப்பினார்.

ஓர் எலி யானைக்குச் செருப்பு தைக்கும் கதை. நான் சொல்ல ஆரம்பித்ததுதான் தாமதம், எலி எப்படி யானைக்கு அளவெடுக்கும் என்று பிடித்துக்கொண்டாள். ஏணி வைத்துத்தான் என்றேன். "பாதம் தரையிலதானே இருக்கு, ஏணி எதுக்குப்பா?" என்றாள். இரண்டு பேரும் மல்லுக்கு நின்றதில் சாப்பாடு ஆறிப்போயிற்று. எத்தனை நாளாயிற்று தெரியுமா, அவள் சண்டை போட்டு!

மறுநாள் டீச்சர் அதே கதையை ஆங்கிலத்தில் சொல்லி, எலி எப்படி அளவெடுக்கும் என்று கேட்டிருக்கிறார். நம் பெண் கையைத் தூக்கினாளாம். வார்த்தை உடனே வரவில்லை. மற்றப் பிள்ளைகளைக் கையமர்த்திவிட்டு டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தாராம். யானை தூங்கணும், எலி நடக்கணும் என்று ஆங்கிலத்தில் உடைத்து உடைத்துச் சொல்லிவிட்டாள். அது போதாதென்று எலி மாதிரி குட்டி அடி வைத்து மேசையைச் சுற்றி அளந்தும் காட்டினாளாம். அன்று முதல் மறுநாள் பாடம் முந்தின மாலையே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வகுப்பை இறக்கும் பேச்சும் நின்றுவிட்டது.

உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலையில் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னது புரியாமல் எல்லோர் முன்னாலும் நீ கூனிக்குறுகி நின்ற மாதிரி நம் பிள்ளை நிற்கக்கூடாது என்றுதானே அந்தச் சட்டம் போட்டாய்? எனக்குத் தெரியாதா?

ஆனால் நேற்று சடை பின்னிவிடும்போது மெதுவாகக் கேட்டாள்: "இந்தக் கதைய அம்மாகிட்ட நம்ம பாஷையில சொன்னா கோவிச்சுப்பாங்களா?" அம்மாவையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது 'ஹலோ' என்று ஆரம்பிக்காதே. 'என்னடி செல்லம்' என்று கூப்பிடு, போதும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். அவள் பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே, அவளுக்குப் பின்னால் நானும் வரிசையில் நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சொல்ல நிறைய வைத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்