பெயர் சொல்லாத ஜெப விண்ணப்பம்

மார்ச் 4, புதன்

இன்று ஜெபக் கூட்டத்தில் என் முறை வந்தது. "பெற்ற பிள்ளையைத் தூக்கவே மனம் வராத ஒரு தாய்க்காக ஜெபிப்போம். ஆண்டவர் அவள் உள்ளத்தில் அன்பை ஊற்றணும்" என்றேன். பெயர் சொல்லவில்லை. எல்லோரும் உருகிப்போனார்கள். "நீங்க சுமக்கிற பாரம் பெருசும்மா" என்றார் போதகர். மனம் நிறைந்து வீடு வந்தேன்.

மார்ச் 5

பெயர் சொல்லவில்லை, சரி. எங்கள் சின்ன சபையில் இப்போது கைக்குழந்தை இருப்பது ஒரே வீட்டில்தானே! பல் துலக்கும்போதுதான் உறைத்தது. ஆராதனையில் வயலின் வாசிக்கும் பெண். மனநல ஆலோசகர் என்று என்னை நம்பி, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள். அவளுடைய மாமியார் நேற்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆமென் சொன்னார்.

கடவுளே, என்ன காரியம் பண்ணிட்டேன்?

மார்ச் 9, திங்கள்

இன்று அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தேன். வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மார்ச் 10

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதருக்கு எதிலும் கிண்டல்தான். "உனக்கு ஜெபத்துலயும் மைக் வேணும்" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது பொய் என்றால் கோபம் ஏன் வருகிறது?

யாருக்காகச் சொன்னேன்? அவளுக்காகவா? தனியாக முழங்காலில் நின்று சொல்லியிருந்தால் ஆண்டவருக்குக் கேட்காதா? நான் படித்த படிப்பு இதை மெச்சலுக்கு ஏங்கும் மனம் என்கிறது. பைபிள் பெருமை என்கிறது. எந்தப் பெயர் வைத்தாலும் ஆள் நான்தான்.

நாளைக்கே சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

மார்ச் 11, புதன்

கூட்டத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"குழந்தைய அத்தை அவங்க ரூம்ல வெச்சிருக்காங்க. பால் குடுக்க மட்டும் கொண்டு வராங்க. எங்கிட்ட தனியா விடப் பயமாம்க்கா."

மன்னிப்புக் கேட்டேன். சபையிலும் கேட்கப்போவதாகச் சொன்னேன்.

"மறுபடியும் எல்லாரும் என்னைத்தானே திரும்பிப் பாப்பாங்க? உங்களுக்கு மனசு லேசாயிடும். எனக்கு?"

மனசு லேசாக வேண்டும் — திரும்பவும் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன். சே, என்ன ஜென்மம் நான்!

கூட்டத்துக்குப் போகவில்லை.

மார்ச் 14, சனி

அவளே போன் பண்ணினாள். "நான் வேற டாக்டர்கிட்ட போறேன். உங்ககிட்ட இனிமே வரமாட்டேன். ஆனா அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கும்போது."

போனேன். இது நோய், பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருவது, சிகிச்சையில் சரியாகும், அவளுக்கு அன்பில்லை என்று அர்த்தமில்லை என்றேன்.

மாமியார் விடவில்லை. "அப்போ ஆண்டவர் அன்பை ஊத்தணும்னு அன்னிக்கு ஏன் சொன்னீங்க? இவகிட்ட அன்பே இல்லன்னுதானே நான் புள்ளைய வாங்கி வெச்சேன்?"

அறைக்குள் ஒரு பேச்சு, சபையில் ஒரு பேச்சு. மாட்டிக்கொண்டேன்.

"தப்பா சொல்லிட்டேம்மா. அங்க கேக்க நல்லா இருக்கும்னு சொன்னேன்."

உள்ளே குழந்தை அழுதது. மாமியார் எழுந்திருக்கப் போய், மருமகளைப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து உள்ளே போனாள்.

மார்ச் 17

ஜெபிக்க உட்கார்ந்தால் என் வார்த்தைகளே எனக்குக் கூசுகின்றன. பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 25, புதன்

கூட்டத்தில் அவள் வயலின் வாசித்தாள். பாதிப் பாட்டில் குழந்தை சிணுங்கியது. வயலினைக் கீழே வைத்துவிட்டு, மாமியார் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாட்டு வயலின் இல்லாமலே முடிந்தது. மாமியார் என்னைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

போதகர் என் பக்கம் திரும்பினார். "ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சாட்சியா சொல்ல உங்களுக்கு ஏதாவது இருக்காம்மா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லீங்க ஐயா" என்றேன்.