இரண்டு வரிசைக் கணினிகள்

மார்ச் 4, செவ்வாய்
எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையின் இடது வரிசைப் பத்துக் கணினிகளுக்கும் லினக்ஸ் போட்டு முடித்தேன். வலது வரிசை இன்னும் பழையபடிதான். இரண்டு பக்கமும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றே. ஆனால் பந்தயத்துக்கான துப்பாக்கிச் சண்டை விளையாட்டு இடது பக்கம் நொடிக்கு நூற்று நாற்பது படம் ஓடுகிறது. வலது பக்கம் தொண்ணூறு. நடுநடுவே நின்று நின்று போகிறது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழசு. மாற்ற அரை நாள் போதும்.

தம்பி டன்டே விடவில்லை. "சனிக்கிழமை பந்தயம் முடியட்டும்க்கா. நம்ம டீம் இடது பக்கம் உக்காரும்."

வலது வரிசையை அப்படியே விட்டுவிட்டேன்.

மார்ச் 6
எதிரணியிடம் சொல்லாமல் இருப்பதும் ஏமாற்றுதானா?

மார்ச் 8, சனி
மத்தியானம் இறுதிச் சுற்று. எதிரணித் தலைவன் ஹெர்னான், எங்கள் பகோலோட் ஊர் மீன் சந்தையில் கூடை தூக்குகிறவன். "அக்கா, ஸ்கிரீன் நிக்குது! மிஷின மாத்துங்க!" என்று மூன்று தடவை கத்தினான். டன்டே சிரித்தான். "விரல்ல செதில் ஒட்டியிருக்கு. கழுவிட்டு வா!" கடையே சிரித்தது.

ஹெர்னான் கீபோர்டை வயரோடு பிடுங்கி டன்டேயின் முகத்தில் ஓங்கி அடித்தான். மறுபடி. மறுபடி. பொத்தான்கள் தெறித்தன. ரத்தம் — அய்யோ, அவ்வளவு ரத்தம். டன்டே முக்காலியைத் தூக்கி அவன் கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நான்?

மார்ச் 9
டன்டேயின் இடது கண் போய்விட்டது. ஹெர்னான் கையில் மாவுக்கட்டோடு காவலில்.

மார்ச் 11
"போலீஸ் கேட்டா எல்லா மிஷினும் ஒண்ணுதான்னு சொல்லு," என்கிறான் டன்டே.

சாயங்காலம் ஹெர்னானின் மனைவி நெனிட்டா கடை வாசலில் நின்றாள். "அவர் அடிச்சது தப்புதான்க்கா. ஸ்கிரீன் நின்னுச்சுன்னு சொன்னாரே, அது பொய்யா? அத மட்டும் சொல்லுங்க."

ஷட்டரை இறக்கிவிட்டேன். சீ.

மார்ச் 14, வெள்ளி
போலீஸ் ஸ்டேஷனில் நூற்று நாற்பது, தொண்ணூறு என்று இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். "தெரிஞ்சேதான் அவங்கள அந்தப் பக்கம் உக்கார வெச்சீங்களா?" என்றார் போலீஸ்காரர். ஆமா என்றேன்.

வீட்டில் டன்டே சோற்றுத் தட்டை வீசினான். என் உதடு கிழிந்தது. "என் கண்ண வித்துட்டியே!"

மார்ச் 20
இருபது கணினிகளும் இப்போது ஒரே மாதிரி ஓடுகின்றன. விளையாட யாரும் வரவில்லை.

டன்டே துணிமூட்டையோடு வீட்டை விட்டுக் கிளம்பினான். ஒற்றைக் கண்ணுக்கு மாடிப்படியின் ஆழம் பிடிபடவில்லை, தடுமாறினான். முழங்கையைப் பிடித்தேன். உதறினான். அடுத்த படியில் மறுபடி பிடித்தேன்.

கீழே போய்ச் சேரும்வரை உதறவில்லை.