ரசத்தில் ஊற்றிய தண்ணீர்

ஏங்க,

இலுப்பூர் மகளிர் குழுவுக்குப் பூந்திக்கொட்டைத் திரவம் செய்து காட்டப் போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் கூட்டும் அடுப்பு மேடையில் இருக்கிறது. ரசத்தைத் தேடாதீர்கள், கொட்டிவிட்டேன்.

நேற்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நீங்கள் ரசத்தில் ஊற்றியது புளித்தண்ணீர் அல்ல. பாத்திரம் விளக்க நான் பிழிந்துவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர். "நொர கட்டிருச்சு, எறக்கிறலாமா?" என்று என்னைப் பார்க்காமல் சட்டியிடம் கேட்டீர்கள். சட்டிக்கும் தெரியவில்லை.

தரை துடைக்க ஆரஞ்சுத்தோலும் வெல்லமும் போட்டு நான் புளிக்கவைத்த டப்பாவை உங்கள் அக்காவிடம் காட்டி, "எங்க வீட்டுல சாராய ஊறல் ஓடுதுக்கா" என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து நாம் பேசுவதில்லை. பேச்சு இருந்திருந்தால் புளி எங்கே என்று கேட்டிருப்பீர்கள். சமாதானத்துக்கு வைத்த ரசம் என்று தெரிந்ததால்தான் கசப்பைக் காட்டாமல் ஒரு கரண்டி குடித்தேன். நீங்களும் முகம் மாறாமல் குடித்தீர்கள். அது எதற்காக என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

அக்காவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நான் விடவில்லை.

புனிதா

ஆரஞ்சுத்தோல் டப்பாவின் மூடியை மதியம் ஒருமுறை திருகிக் காற்றை விடுங்கள். இல்லாவிட்டால் வெடிக்கும்.

வயிறு சரியில்லை என்றால் போன் பண்ணுங்கள். இன்று எடுப்பேன்.